தாத்தாவின் காகிதங்களைத் தயவுசெய்து நீங்களே கழிக்காதீர்கள்

போன மாதம் மறுபடியும் அதே கதை. அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் ஒரு சின்ன ஊர். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஒரு கல்லூரியின் ஆரம்பகால முதல்வருடைய பேத்தி எங்களை அழைத்திருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். தாத்தாவின் காகிதங்களை நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க ஆசைப்பட்டார். காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு ஒரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பட்டமளிப்பு உரைகள், பாராட்டுப் பத்திரங்கள், பெரிய மனிதர்களோடு நிற்கும் படங்கள். அத்தனையும் லேமினேட் செய்யப்பட்டிருந்தன.

"மொத்தம் பதினோரு பெட்டி இருந்தது. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று குப்பையை நாங்களே கழித்துவிட்டோம்" என்றார்.

குப்பை என்று அவர் சொன்னது மளிகைக் கணக்கு, விறகு வாங்கிய ரசீது, பிள்ளையின் கட்டணத்துக்குத் தவணை கேட்டுப் பெற்றோர் எழுதிய கடிதங்கள். கொல்லையில் போட்டு இரண்டு நாள் எரித்திருக்கிறார்கள். அன்போடு செய்த காரியம், அவரிடம் என்ன சொல்ல முடியும்? நன்றி சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் மனசு ஆறவில்லை.

இருபது வருடமாக நான் மன்றாடுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். எது முக்கியம், எது குப்பை என்று குடும்பத்தார் முடிவு செய்யக் கூடாது. நானும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய மாட்டேன். மேடையில் பேசிய உரை ஊருக்காகப் பேசியது. பெரும்பாலும் அன்றைய பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கும், எங்காவது கிடைத்துவிடும். கடைக்காரரின் ரசீதுக்கு இன்னொரு பிரதி கிடையாது.

புக்கர் டி. வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமையாகப் பிறந்த கறுப்பினக் கல்வியாளர். 1881-இல் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மாணவர்களுக்காக டஸ்கீகி பள்ளியைத் தொடங்கி, 1915-இல் இறக்கும்வரை அதன் முதல்வராக இருந்தவர். 1895 செப்டம்பரில் அட்லாண்டாவில் அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. சமத்துவத்துக்காகக் கிளர்ச்சி செய்வதைவிடத் தொழிலிலும் உழைப்பிலும் முன்னேறுவோம் என்பது அதன் சாரம். வெள்ளையர்கள் கை தட்டினார்கள். கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் போன்றவர்கள் உரிமையை விட்டுக்கொடுக்கிறார் என்று கடுமையாக விமர்சித்தார்கள். அந்த உரை மட்டும் மிஞ்சியிருந்தால் அவரைப் பற்றிய தீர்ப்பு அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் அவருடைய காகிதங்கள் மிஞ்சின. வாஷிங்டன் நகரில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் (காங்கிரஸ் நூலகம்) ஏறத்தாழ 3,75,000 உருப்படிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஆர். சி. பிளாக், ஜே. சி. மே என்ற பெயர்களில் சில கடிதங்கள். யார் இந்த பிளாக்? வாஷிங்டனின் செயலாளர் எம்மெட் ஸ்காட். மே என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் வில்ஃபோர்ட் ஸ்மித் என்ற கறுப்பின வழக்கறிஞர். கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்த 1901-ஆம் ஆண்டு அலபாமா அரசியல் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போன வழக்குக்கு வாஷிங்டன் ரகசியமாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். 1903-இல் அந்த வழக்கு தோற்றது. ஜூரி குழுவில் கறுப்பர்களைச் சேர்க்காததை எதிர்த்து, அவருடைய உதவியோடு நடந்த இன்னொரு வழக்கு 1904-இல் ஜெயித்தது. வெளியே தெரிந்திருந்தால் பள்ளிக்கே ஆபத்து. அதனால்தான் புனைபெயர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டிகள் ஒரு வீட்டுப் பரணில் இருந்து, நல்லெண்ணத்தோடு யாராவது பிரிக்க உட்கார்ந்திருந்தால் எந்தக் காகிதம் முதலில் அடுப்புக்குப் போயிருக்கும்? முன்பின் தெரியாத இரண்டு பேர் பணத்தைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதம்தானே! அதை வைத்திருந்ததால்தான் ஒரு மனிதரின் வரலாற்றையே திருத்தி எழுத முடிந்தது. (அந்தக் காகிதங்களில் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் 1972-இலிருந்து 1989 வரை 14 தொகுதிகளாக வெளிவந்தது. கடைசித் தொகுதி முழுவதும் பொருளடைவு. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் செல்லம்.)

டஸ்கீகியில் பள்ளிக்காகப் போட்ட செங்கல் சூளை மூன்று முறை தோற்றபோது, தன்னிடமிருந்த கடிகாரத்தை மாண்ட்கமரியில் 15 டாலருக்கு அடகு வைத்து வாஷிங்டன் நாலாவது சூளை போட்டார். அது வெந்தது. அப்படியொரு அடகுச் சீட்டு உங்கள் பரணில் கிடைத்தால் வைத்திருப்பீர்களா, சொல்லுங்கள்.

அப்புறம், நகல் புத்தகம். அந்தக் காலத்தில் அனுப்பும் கடிதத்தின் மேல் ஈரப்படுத்திய மெல்லிய தாளை வைத்து அழுத்தி நகல் எடுத்து, புத்தகமாக வைத்திருப்பார்கள். வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். மங்கிப்போன ஊதா எழுத்து. பார்த்தால் வீணாய்ப் போனது போலத் தோன்றும், அதனால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முதல்வர் தன் கையால் அனுப்பிய கடிதங்களுக்குப் பல சமயம் அது ஒன்றுதான் சாட்சி. ஈரக் கையால் மட்டும் தொடாதீர்கள், மை கலங்கிவிடும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பெட்டியைத் திறந்தால் வரிசையைக் கலைக்காதீர்கள். தேதிவாரியாக அடுக்குகிறேன், ஆள்வாரியாகப் பிரிக்கிறேன் என்று கிளம்பவே கிளம்பாதீர்கள். எந்தக் கடிதத்தோடு எந்த ரசீது கிடந்தது என்பதும் ஒரு தகவல். கடித உறையை எறியாதீர்கள், பாதிக் கடிதங்களுக்குத் தபால் முத்திரைதான் தேதி. லேமினேஷன் கூடவே கூடாது, அதைப் பிரித்தெடுக்க எங்களால் முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், கிழிந்தது கிழிந்தபடியே இருக்கட்டும். துருப்பிடித்த பின்னை இழுத்துப் பிடுங்காதீர்கள். ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் பென்சில், அதுவும் பெட்டியின் மேல். பூஞ்சை தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாமல் காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். ஸ்கேன் எடுத்தாயிற்று, இனி மூலம் எதற்கு என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்காதீர்கள்!

குடும்ப ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து எரிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. எரிக்க வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள். இத்தனை வருடம் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு மூடி வைக்க வழி இருக்கிறது.

அந்தப் பேத்தி நேற்று போன் செய்தார். கார் ஷெட்டில் இன்னொரு டிரங்குப் பெட்டி இருக்கிறதாம், பூட்டின் சாவி தொலைந்துபோனதால் தப்பித்திருக்கிறது. பூட்டை உடைத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் அம்மா, அப்படியே இருக்கட்டும், வியாழக்கிழமை காலையில் நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.