பூண்டு வாடையும் தயிர்ச் சோறும்

ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கும் ஒருவர், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்று பல் மருத்துவரான என்னிடம் வந்தார். ஈறை ஒட்டிய இடத்தில் அவருடைய பற்கள் அரம் கொண்டு ராவியதுபோல் தேய்ந்திருந்தன. விசாரித்தபோது, கொழுப்பு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பல் பச்சைப் பூண்டை மென்று வருவதாகவும், வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பதைக் கவனித்த பிறகு நாளொன்றுக்கு நான்கைந்து முறை அழுத்தி அழுத்தித் துலக்குவதாகவும் சொன்னார். அத்தனை துலக்கியும் வாடை மாலை வரை போகவில்லை. பல் மட்டும்தான் தேய்ந்தது.

உரிக்காத முழுப் பூண்டு அவ்வளவாக மணப்பதில்லை. நறுக்கும்போதும் மெல்லும்போதும்தான் அதிலுள்ள அலினேஸ் என்னும் நொதி வேலை செய்து, அலின் என்னும் பொருளை அலிசினாக மாற்றுகிறது. அலிசின் சிதைந்து பலவகைக் கந்தகச் சேர்மங்களாகிறது. அவற்றில் பெரும்பாலானவை வாயில் தங்குபவை. பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்தால் குறைந்துவிடும். ஆனால் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற ஒன்று மட்டும் குடலிலும் கல்லீரலிலும் எளிதில் சிதையாமல் இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் மணிக்கணக்கில், சிலருக்கு மறுநாள் வரையிலும்கூட, வெளியேறிக்கொண்டே இருக்கும். இரத்தத்திலிருந்து வரும் வாடையைப் பிரஷ்ஷால் எப்படித் துடைக்க முடியும்? ஏலக்காயும் சோம்பும் கிராம்பும்கூடச் சற்று நேரம் அதை மறைக்கின்றனவே தவிர, நீக்குவதில்லை.

ஆகவே அந்தச் சேர்மங்கள் இரத்தத்தில் கலக்கும் முன்பே, வாயிலும் இரைப்பையிலும் அவற்றை மடக்கக்கூடிய உணவுகளைத்தான் நாட வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் பாரிங்கர் குழுவினர் இதைப் பல ஆண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். 2010இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பால் பூண்டு வாடையைக் குறைத்தது. கொழுப்பு நீக்கிய பாலைவிட முழுப்பால் கூடுதலாகப் பயன்பட்டது. பூண்டைத் தின்ற பிறகு குடிப்பதைவிட அதனுடன் சேர்த்துக் குடித்தது மேலும் நல்ல பலன் தந்தது. 2016இல், சமைக்காத ஆப்பிளும் லெட்யூஸ் கீரையும் புதினா இலையும் மூச்சிலுள்ள வாடைப் பொருள்களைப் பாதியளவுக்கோ அதற்கு மேலோ குறைத்ததாகவும், கிரீன் டீ பயன்படவில்லை என்றும் கண்டார்கள். ஆப்பிளைச் சூடாக்கினால் அதன் நொதி அழிந்து பலன் குறைந்துவிடுகிறது. 2023இல் வெளியான ஆய்வில் முழுப்பால் தயிர், பச்சைப் பூண்டின் முக்கிய வாடைப் பொருள்களில் 99 விழுக்காட்டைக் குறைத்தது. இது கண்ணாடிக் குடுவையில் செய்த சோதனை, மனிதர் மூச்சில் அளந்ததன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் சாப்பாட்டு வரிசைதான் நினைவுக்கு வந்தது. பூண்டுக் குழம்பு, ரசம், கடைசியில் தயிர் அல்லது மோர் என்று உண்ணும் வழக்கத்தில், தயிர் உரிய நேரத்திலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. குழம்பில் முழுதாகப் போட்டு வேகவைத்த பூண்டில் நொதி செயலிழந்துவிடுவதால் வாடையும் குறைவே. வெறும் வயிற்றில் பச்சையாக மென்று, தயிரும் இல்லாமல், அப்படியே பஸ் ஏறுவதுதான் சிக்கல்.

சில கைவைத்தியங்களை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். எலுமிச்சைத் துண்டைப் பல்லில் தேய்த்தால் அமிலம் எனாமலை அரிக்கும். அதன்மேல் உடனே துலக்கினால் சேதம் இரட்டிப்பாகும். சமையல் சோடாவையோ சாம்பலையோ வைத்து அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். பல்வலிக்கென்று நசுக்கிய பூண்டை ஈறில் வைத்து இரவு முழுவதும் அடக்கிக்கொண்டு, வெந்து வெளுத்த ஈறுடன் காலையில் வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பூண்டு சாப்பிடாத நாட்களிலும் வாடை இருந்தால் பூண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நாக்கின் பின்பகுதியில் மாவுபோல் படியும் படிவு, ஈறு நோய், வாய் வறட்சி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பச்சைப் பூண்டை அன்றாடம் உண்பவர்கள், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், பல் பிடுங்குவதற்கு முன் அதைப் பல் மருத்துவரிடம் தவறாமல் சொல்லிவிடுங்கள். பூண்டுக்கும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் தன்மை உண்டு. அந்த விற்பனையாளரிடம் நான் கேட்டிராவிட்டால் அவரும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவர் கணக்கில் பூண்டு மருந்தல்ல, சாப்பாடு.