அந்தப் பழுப்புக் குவியலைத் தேடிப் போங்கள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குடும்பத்தோடு மெனோர்கா தீவுக்கு விடுமுறைக்குப் போகிறார்களாம். "எந்தக் கடற்கரைக்குப் போவது என்று படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சில இடங்களில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் கரையில் மக்கின வைக்கோல் போல ஏதோ குவிந்து கிடக்கிறது. சாக்கடை கலக்கிற இடமோ? அதையெல்லாம் ஒதுக்கிவிடலாமா?"

ஒதுக்க வேண்டாம். அந்த வைக்கோலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் காற்றைப் பற்றி நாலு வார்த்தை.

மெனோர்கா, ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளில் ஒன்று. சுமார் 50 கிலோமீட்டர் நீளம். அகலம் 20 கிலோமீட்டரைத் தாண்டாது. நாம் வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்தது போல அவர்களும் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது திரமுந்தானா. அலை வளர வேண்டுமானால் காற்று வலுவாக இருந்தால் மட்டும் போதாது, தடையில்லாத நீர்ப்பரப்பின் மேல் வெகுதூரம் ஓடி வரவும் வேண்டும். தெற்கு பிரான்ஸ் கரையிலிருந்து மெனோர்கா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல். ஆகவே திரமுந்தானா வீசும் நாளில் வடகரையில் கவலேரியா, பிரெகோண்டா பக்கம் அலை எகிறும். அதே நாளில் தென்கரையின் துர்கேத்தாவில் குளம் போலக் கிடக்கும். அங்கேயும் காற்று உண்டு, ஆனால் அது தரையிலிருந்து இப்போதுதான் கடலுக்குள் இறங்குகிறது. அலையை வளர்க்க அதற்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை. தென்காற்று வீசினால் எல்லாம் தலைகீழ். எனவே கடற்கரையை முந்தின மாதமே முடிவு செய்யாமல் அன்று காலையில் முடிவு செய்யுங்கள், காரில் ஒரு மணி நேரத்துக்குள் மறுகரைக்குப் போய்விடலாம். ஒரு எச்சரிக்கை: தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது குழந்தைகளின் காற்றடைத்த மிதவைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். அமைதியாகத் தெரிகிற அந்தக் கடலில்தான் காற்று மிதவையை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.

சரி, வைக்கோல்.

அதன் பெயர் போசிடோனியா. கடற்பாசி என்று நினைத்துவிடுவோம், ஆனால் வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள முழுச் செடி அது. தரையில் தோன்றிய பூக்குந் தாவரங்களில் ஒரு கூட்டம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடி கடலுக்குள் போனது. திமிங்கிலத்தின் முன்னோர் செய்த அதே வேலை. மத்தியதரைக்கடலைத் தவிர இந்த இனம் வேறெங்கும் இல்லை. தண்ணீர் தெளிந்திருந்தால் 40 மீட்டர் ஆழம் வரை வளரும். கரையோரப் படங்களில் பச்சை நீலத்துக்கு நடுவே கருந்திட்டுகள் தெரிகின்றனவே, அவை பெரும்பாலும் இந்தப் புல்வெளிதான்.

ஒரு விரல் அகலம், ஒரு மீட்டர் வரை நீளம் உள்ள நாடா இலைகள். லட்சக்கணக்கில் நெருங்கி நின்று அலையோடு சாய்ந்து நிமிர்கின்றன. ஒவ்வொரு சாய்வுக்கும் தண்ணீரின் வேகத்தில் கொஞ்சம் செலவாகிறது. இலைகளுக்கு அடியில் ஓட்டம் மந்தமாகிவிடுவதால், மிதந்து வந்த துகள்கள் அங்கேயே படிந்துவிடுகின்றன. மேலே தண்ணீர் தெளிகிறது, கீழே மண் ஏறுகிறது. மண் ஏறினால் செடி புதைந்துவிடாதா? புதையாது, தண்டும் கூடவே மேலே வளரும். பழைய தண்டு, வேர், மண் எல்லாம் பின்னிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல மீட்டர் தடிமனுக்கு ஒரு மெத்தையே உருவாகியிருக்கிறது.

மணலும் ஓரளவுக்கு இங்கிருந்துதான் வருகிறது. மெனோர்காவில் மணலைக் கொண்டுவந்து கொட்டப் பெரிய ஆறு கிடையாது. இலைகளின் மேலும் தண்டுகளின் இடுக்கிலும் சுண்ணாம்பு ஓடு கட்டி வாழும் நுண்ணுயிர்கள், சிப்பிகள், நத்தைகள் செத்து நொறுங்கி மணலாகின்றன. படத்தில் நீங்கள் பார்த்து மயங்கிய வெண்மணலில் ஒரு பங்கு அந்தக் கருந்திட்டு ஈன்றது.

இலையுதிர் காலத்தில் மரம் போலவே இதுவும் இலை உதிர்க்கும். உதிர்ந்ததை அலை கரையில் கொண்டுவந்து அடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இலைகள் தட்டையாக இருப்பதால் நனைந்த காகிதம் போல ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிப் படிகின்றன, ஒவ்வொரு அடுக்குக்கு நடுவிலும் கொஞ்சம் மணல் சிக்கிக்கொள்கிறது. குளிர்காலப் புயலில் அலை கரையேறும்போது இந்தக் குவியலில் மோதி, இடுக்குகளில் புகுந்து, வேகம் இழந்து வடிகிறது. இல்லாவிட்டால் அதே வேகத்தோடு திரும்பிப் போகும்போது மணலையும் வாரிக்கொண்டு போயிருக்கும். பயணிகளின் கண்ணுக்கு உறுத்துகிறது என்று இயந்திரத்தை விட்டுக் குவியலை அள்ளினால், இடையில் சிக்கிய மணலும் லாரியில் ஏறிவிடுகிறது. கடற்கரைகளுக்கு நட்சத்திரம் போடும் பட்டியல்களை நான் ராசிபலன் அளவுக்குத்தான் நம்புகிறேன். மணலைத் தூக்கிப் போட்டுச் சுத்தம் செய்த கரைக்கு அவற்றில் ஐந்து நட்சத்திரம் கிடைக்கும்.

இந்தச் செடியின் ஒரே பலவீனம் நிதானம். பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். ஒரு உல்லாசப் படகின் நங்கூரம் ஐந்து நிமிடத்தில் பிய்த்த திட்டு மூடிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும். பலேயாரிக் அரசு 2018இல் சட்டம் போட்டு இதன் மேல் நங்கூரம் இறக்குவதைத் தடை செய்தது. இங்கே ஒரு புலம்பல்: நம் பாக் விரிகுடாவிலும் கடற்புல் உண்டு, இனம் வேறு. 2022இல் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, மகிழ்ச்சி. ஆனால் கடற்பசுவுக்கு முகம் இருக்கிறது, சுவரொட்டியில் போடலாம். அது மேயும் புல்லை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருக்கும் சலிப்பான வேலைக்குப் பணம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

கரையில் பழுப்பு நிறத்தில் நார் உருண்டைகளும் கிடக்கும், தேங்காய் நாரைச் சுருட்டியது போல. இலையின் அடிப்பகுதி நார்களை அலை உருட்டி உருட்டிச் செய்தவை. பார்சிலோனா பல்கலைக்கழகத்தினர் பக்கத்துத் தீவான மயோர்காவின் நான்கு கடற்கரைகளில் இவற்றைப் பிரித்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள்: 17 சதவீத உருண்டைகளுக்குள் பிளாஸ்டிக் துணுக்குகள், அப்படிப்பட்டவற்றில் ஒரு கிலோவுக்கு 1,500 வரை. கடலுக்குள் போன நம் குப்பையில் கொஞ்சத்தைப் புல் நாரில் சுற்றித் திருப்பி அனுப்புகிறது. குழந்தைகளிடம் ஒன்றைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போவது தெரியாது.

குவியல் நாறுமா என்றும் கேட்டிருந்தார். காய்ந்தது அவ்வளவாக நாறாது. ஈரத்தில் ஊறி அழுகிக்கொண்டிருந்தால் நாறும், சந்தேகமே இல்லை. காற்று வருகிற பக்கமாகத் தள்ளிப்போய் விரிப்பை விரியுங்கள்.