கவிழ்ந்தாலும் தானே நிமிரும் படகு

"காப்பாற்றப் போகிற உயிர்காப்புப் படகே கவிழ்ந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல படகாக இருந்தால், சில நொடிகளில் அதுவே நிமிர்ந்துவிடும்.

ஆர்க்கிமிடீஸ் விதி பள்ளியில் படித்ததுதான். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு புள்ளிகள்: படகின் மொத்த எடையும் கீழே இழுக்கும் ஈர்ப்பு மையம், தண்ணீர் மேலே தள்ளும் மிதப்பு மையம். எஞ்சின், டீசல் டாங்கி போன்ற கனமான சாமான்கள் எல்லாம் படகின் அடியில் இருக்கும். மேலே தண்ணீர் புகாத, உயரமான கேபின். இப்போது படகு தலைகீழாகிறது. கனமான அடிப்பாகம் உச்சிக்குப் போய்விடுகிறது. காற்று நிறைந்த கேபின் தண்ணீருக்குள் அமிழ்கிறது. அந்த நிலையில் படகால் நிலைத்து நிற்கவே முடியாது. ஒரு சின்ன அலை லேசாகச் சாய்த்தால் போதும், இரண்டு மையங்களும் நேர்கோட்டிலிருந்து விலகிவிடும். எடை ஒரு பக்கம் இழுக்க, தண்ணீர் மறுபக்கம் தள்ள, படகு புரளத் தொடங்கி நிமிர்ந்த பிறகுதான் ஓயும். மோட்டார் வேண்டாம், சென்சார் வேண்டாம், வடிவமும் எடையும் மட்டும் போதும். எனக்கு இதைவிட அழகான பொறியியல் தெரியாது.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. கதவுகள் இறுக மூடியிருக்க வேண்டும். எல்லோரும் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். சரக்குக் கப்பல் படகுகளுக்கு ஆளுக்கு 82.5 கிலோ என்று கணக்கு. 50 பேர் என்றால் 4 டன்னுக்கு மேல். அத்தனை பேரும் கூரையில் போய் விழுந்தால் ஈர்ப்பு மையம் அவர்களோடு கீழே இறங்கிவிடும். படகு கவிழ்ந்தபடியே கிடக்கும். பெல்ட் ஆளை மட்டுமல்ல, படகையும் காக்கிறது.

இந்த யோசனை பழையது. 1789இல் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கப்பல் உடைந்து, கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாலுமிகள் மாண்டார்கள். அதன்பின் நல்ல உயிர்காப்புப் படகை வடிவமைக்க நடந்த போட்டிக்கு வில்லியம் வுட்ஹேவ் தானே நிமிரும் படகின் மாதிரியைக் கொண்டுவந்தார். அறிவித்த பரிசு 2 கினி (அந்தக் கால ஆங்கிலேயத் தங்க நாணயம்). அவருக்கு நீட்டியதோ 1 கினி. அவர் வாங்க மறுத்தார். 1851இல்தான் ஜேம்ஸ் பீச்சிங்கின் தானே நிமிரும் படகு பரிசு வென்றது. நல்ல யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு காசில் கஞ்சத்தனம் காட்டியது, என்னைப் பொறுத்தவரை, மன்னிக்க முடியாத தவறு.

அப்புறம், கேபினே இல்லாத ரப்பர் மீட்புப் படகுகள்? அவற்றின் பின்பக்கச் சட்டத்தின் உச்சியில் மடித்துக் கட்டிய பை ஒன்று இருக்கும். கவிழ்ந்ததும் ஊழியர் விசையை இழுப்பார். வாயு நிரம்பிப் பை உப்பும். கேபின் செய்யும் வேலையை அது செய்யும்.