எதோடு எதைச் சேர்க்கிறீர்கள்?

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் விடமாட்டார். "எங்க வீட்டுத் தண்ணி சரியில்ல சார், கரண்ட் விட்டுக் காட்டினாங்க, அப்படியே சாக்கடை மாதிரி ஆயிடுச்சு" என்பார். செல்போனில் வீடியோவும் இருக்கும். பள்ளிகளுக்குப் பேசப் போனாலும் மாணவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

வீடியோவில் நடப்பது இதுதான். ஆர்ஓ என்னும் தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் விற்க வந்தவர் மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர் வைக்கிறார். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு ஜோடி உலோகக் கம்பிகள் இறங்குகின்றன. ஜோடியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று அலுமினியம். பிளக்கைச் சொருகியதும் குழாய்த் தண்ணீர் மஞ்சளித்து, பச்சையாகி, கடைசியில் பழுப்பு நிறத்தில் திப்பி திப்பியாகத் திரள்கிறது. ஆர்ஓ தண்ணீர் அப்படியே நிற்கிறது. "இவ்வளவு அழுக்கையா குடிக்கிறீங்க?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் முகம் மாறிவிடுகிறது.

அந்த அழுக்கு உங்கள் குழாய்த் தண்ணீரில் இருந்து வந்ததல்ல, அவருடைய கம்பியில் இருந்து வந்தது. தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், சோடியம் போன்றவற்றின் உப்புகள் கரைந்திருந்தால் அதில் மின்சாரம் நன்றாகப் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாக மாறுகிறது. இடையில் தெரிகிற பச்சையும் பிறகு வருகிற பழுப்பும் அதுதான். வெள்ளையாகத் திரள்வது அலுமினியம். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதும் குறைவு, கம்பி கரைவதும் குறைவு. அவ்வளவுதான் வித்தை.

அடுத்த முறை யாராவது இதைச் செய்து காட்டினால், ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கரண்ட் விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்கிறோமே உப்பு-சர்க்கரைக் கரைசல், அதை வைத்தால் குழாய்த் தண்ணீரையே தோற்கடிக்கும். மாறாக, கிருமி மொய்க்கிற மழைத்தண்ணீர் இந்தச் சோதனையில் பளிச்சென்று பாஸ் ஆகிவிடும்.

டிடிஎஸ், அதாவது கரைந்த மொத்தத் திடப்பொருளைக் காட்டும் மீட்டரும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி மின்கடத்தும் திறனை அளந்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கரைத்து மீட்டரை வைத்துப் பாருங்கள், எண் ஏறாது. சர்க்கரை உப்பைப் போல அயனியாக, அதாவது மின்னூட்டமுள்ள துகளாகப் பிரிவதில்லை. பூச்சிமருந்தின் மிச்சமோ கிருமியோ இருந்தாலும் அதற்குத் தெரியாது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திடப்பொருள் இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஆனால் ஃபுளோரைடுக்கு எல்லை லிட்டருக்கு 1 மில்லிகிராம், மிஞ்சிப்போனால் 1.5. மீட்டர் 400 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு மட்டும் 3 இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கு இது புதிதில்லை. பல்லில் பழுப்புக்கறை, எலும்பு மூட்டுப் பாதிப்பு என்று தலைமுறைகளாகப் பட்ட பிறகுதான் அவர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. எண் குறைவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று மீட்டரை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் கொடுங்கள், எதை எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள். "எல்லாத்தையும் பாருங்க" என்றால் எங்களுக்கும் புரிவதில்லை, உங்களுக்கும் செலவு.

கம்பிச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். செய்யலாம். 9 வோல்ட் பேட்டரி, இரண்டு இரும்பு ஆணி, அரை டம்ளர் உப்புத் தண்ணீர் இருந்தால் சில நிமிடத்தில் பழுப்பைப் பார்த்துவிடலாம். சுவர் பிளக் பக்கம் போகவே கூடாது. ஆணிக்குப் பதில் எவர்சில்வர் ஸ்பூனைப் போடாதீர்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது, அது கரைந்து வரும் தண்ணீர் கையில் படுவதும் நல்லதில்லை, கீழே கொட்டுவதும் நல்லதில்லை. பென்சில் முனையும் வேண்டாம். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அது கரையாது. அப்போது உப்பில் உள்ள குளோரைடு அந்த முனையில் குளோரின் வாயுவாக வெளிவரும். நீச்சல் குளத்து வாடை அடித்தால் அதுதான்.

இந்தக் குளோரினைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. பேட்டரிச் சோதனையில் வருவது மூக்கைச் சுளிக்கும் அளவுதான். குளியலறையில் வருவது வேறு கணக்கு.

"ஆசிட்டும் அழுக்கைப் போக்குது, ப்ளீச்சிங் பவுடரும் போக்குது. ரெண்டையும் சேர்த்துப் போட்டா என்ன?" இதைப் படித்தவர்களும் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பில் அமிலமும் காரமும் சேர்ந்தால் நடுநிலையாகும் என்று படித்தோமே, ஆபத்துக் குறையத்தானே வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். கெட்டிக்காரத்தனமான கேள்வி, ஆனால் ப்ளீச்சிங் பவுடர் வெறும் காரமில்லை. நீற்றுச் சுண்ணாம்பில் குளோரின் வாயுவைச் செலுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். தூளுக்குள் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. அமிலம் பட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்து, போன வழியே வாயுவாகத் திரும்பி வருகிறது. பையில் "குளோரின் 30 சதவீதம்" என்று போட்டிருப்பதன் பொருளே, அமிலத்தைச் சேர்த்தால் 100 கிராமுக்கு 30 கிராம் குளோரின் வெளிவரும் என்பதுதான். திரவ ப்ளீச்சிலும் இதேதான் நடக்கும், செறிவு மட்டும் குறைவு.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 50 கிராம் தூள். முழுவதும் அவிழ்ந்தால் 15 கிராம் குளோரின், வாயுவாக ஏறக்குறைய 5 லிட்டர். ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரம் உள்ள குளியலறையின் கொள்ளளவு சுமார் 6,800 லிட்டர். கதவைச் சாத்தியிருந்தால் காற்றில் பத்து லட்சத்துக்கு 750 பங்கு குளோரின் ஆகிவிடும். எல்லாமும் ஒரேயடியாக வந்துவிடாது, சரி. பத்தில் ஒரு பங்கு வந்தாலும் 75 ஆகிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பில் பத்து லட்சத்துக்கு 10 பங்கு என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ரில் ஜெர்மானியர்கள் திறந்துவிட்டதும் இதே வாயுதான். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, பதுங்குகுழிக்குள் போய்த் தங்கியது. குளியலறையிலும் தரையோடு தரையாகத்தான் தங்கும். நின்றுகொண்டிருப்பவரைவிட, குத்துக்காலிட்டுத் தேய்ப்பவர் மூக்குக்குத்தான் முதலில் போகும். பெரும்பாலும் அது வீட்டு வேலைக்கு வரும் அக்காவாகவோ துப்புரவுப் பணியாளராகவோ இருக்கிறார். அவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது என்பது என் எண்ணம்.

யாரும் வேண்டுமென்றே கலப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் ஒருவர் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போயிருப்பார். மதியம் இன்னொருவர் அது தெரியாமல் ஆசிட் ஊற்றுவார். அல்லது கழிப்பறைக் கோப்பைக்கு என்று விற்கும் நீல நிறத் திரவம் ஆசிட்டே இல்லை என்று நினைத்திருப்பார். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று பொடி எழுத்தில் இருக்கும். தள்ளுவண்டியில் விற்கும் மஞ்சள் ஆசிட்டும் அதே அமிலம்தான், அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பு அசுத்தத்தால் வருவது. இதில் செறிவு எவ்வளவு என்பது விற்பவருக்கே தெரியாது. டைல்ஸ் இடுக்கில் ஊற்றியதும் நுரைக்கிறதே, அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். நுரைப்பதில் பெரும்பகுதி சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு. இடுக்குச் சிமெண்ட் கரைந்துகொண்டிருக்கிறது.

கண்ணெரிச்சலும் இருமலும் வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றி அடக்கிவிடலாம் என்று மறுபடி உள்ளே போகக் கூடாது. கண்ணில் பட்டிருந்தால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவ வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் 108-க்கு அழையுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் நுரையீரலில் நீர் கோத்துச் சில மணி நேரம் கழித்துத் திணறல் வரலாம். அதனால் வாயுவை அதிகம் சுவாசித்தவர்கள் டாக்டரைப் பார்த்துவிடுவதே நல்லது.

இதைவிட வருத்தமானது குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைத்த ஆசிட். குழந்தை குடித்துவிட்டது என்று போன் வரும்போது, "சமையல் சோடா கரைச்சுக் கொடுக்கட்டுமா, ஆசிட்டுக்கு அதுதானே மாத்து?" என்று கேட்கிறார்கள். கொடுக்கவே கூடாது. வெந்துபோன வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு பொங்கும், இரைப்பை கிழிந்துவிடலாம். வாந்தி எடுக்க வைப்பதும் தவறு, இறங்கும்போது சுட்ட அமிலம் ஏறும்போது மறுபடி சுடும். வாயைக் கழுவி, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்து அடைப்பு எடுக்கும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. ஆபத்தில்லை, ஆனால் உபயோகமும் அதிகமில்லை. நுரைத்து முடிந்தபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். மூடி போட்ட பாட்டிலில் மட்டும் கலக்காதீர்கள், வெடிக்கும்.

பயமுறுத்தாத கேள்விகளும் வரும். வெள்ளைச் சட்டையில் சிந்திய சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் ஏன் ரத்தச் சிவப்பாகிறது? மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பது இதனால்தான். எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகிவிடும், பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். கடைக் குங்குமத்தில் இதைச் செய்துவிட்டுக் கலப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம், மஞ்சளில் வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்துச் செய்த குங்குமத்தின் சிவப்பு எலுமிச்சைக்கு எளிதில் மசியாது. சட்டைக் கறைக்கு வைத்தியம் வெயில். குர்குமின் வெயிலில் சிதைந்து வெளுத்துவிடும்.

ஈயச் சொம்பைப் பற்றிக் கேட்பவர்கள் அண்மையில் கூடியிருக்கிறார்கள். பாட்டி வீட்டு ரசத்தின் மணம் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கடையில் வாங்கி வருகிறார்கள். அது வெள்ளீயமாக (டின்) இருந்தால் பிரச்சினை இல்லை. காரீயம் (லெட்) கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்துக்குள் இறக்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

இதை வீட்டில் ஓரளவு சோதிக்கலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தினுடையது 11.3. எலக்ட்ரானிக் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியில் படாமல், உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் சொம்பு உலோகத்தின் கன அளவு, மில்லிலிட்டரில். 400 கிராம் சொம்பு சுத்தமான வெள்ளீயம் என்றால் 55 வரும். பாதிக்குப் பாதி காரீயம் என்றால் 45-க்கு இறங்கிவிடும். ஆனால் 5 சதவீதம் மட்டும் கலந்திருந்தால் 54, சமையலறைத் தராசு அந்த ஒரு கிராமைப் பிடிக்காது. ரசத்துக்கு அந்த 5 சதவீதமே அதிகம். எக்ஸ்ரே கருவியில் உலோகம் பார்த்துத் தரும் ஆய்வகத்தில் ஒருமுறை காட்டிவிடுவதுதான் சரி. நகைக்கடையில் தங்கம் பார்க்கும் கருவியும் இந்த வகைதான் என்றாலும், எல்லாக் கருவியும் காரீயத்துக்கு அளவு திருத்தப்பட்டிருக்காது.

சோதித்து நல்லது என்று தெரிந்த சொம்பையும் வெறுமையாக அடுப்பில் வைக்காதீர்கள், வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். சோதிக்கும்வரை ரசம் எவர்சில்வரிலேயே கொதிக்கட்டும்.