சிங்கவால் குரங்கும் அமலைச்செடியும்

"சிங்கவால் குரங்கையும் அமலைச்செடியையும் ஒப்பிட்டு எழுதுங்கள்" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். "ஒன்னுக்கு வால், ஒன்னுக்கு வேர், அவ்வளவுதானே சார்?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். இரண்டும் தாமிரபரணியை அண்டிப் பிழைப்பவை என்பதுதான் நான் எதிர்பார்க்கும் முதல் வரி. குரங்கு, ஆறு பிறக்கும் மலைக்காட்டில். அமலை, அதாவது ஆகாயத்தாமரை, கீழே திருநெல்வேலிப் பக்கம் தண்ணீர் தேங்கும் இடமெல்லாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர சிங்கவால் குரங்குக்கு உலகில் வேறு காடு கிடையாது. மிஞ்சியிருப்பவை 4,000-க்குள் என்பது மதிப்பீடு. களக்காடு சரணாலயம் 1976-ல் உருவானதே இதற்காகத்தான். வெடிப்பலா என்ற காட்டுமரத்தின் முள்காயைப் பிய்த்து விதையைத் தின்னும். தரைக்கு இறங்குவது அபூர்வம். நடுவில் ரோடோ தோட்டமோ வந்து மேல்கிளைகள் விட்டுப்போனால், கூட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தோடு முடங்கிவிடும். ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்ததற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

பாபநாசத்தில் பையைப் பிடுங்குகிறதே, அது நாட்டுக்குரங்கு. அதன் சேட்டையைப் பார்த்துவிட்டு, "குரங்குக்கு எதுக்கு சார் சரணாலயம்?" என்பவர்கள் நிறைய. சிங்கவாலுக்குக் கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். இரண்டையும் குழப்பவே முடியாது. எதுவானாலும் பழமோ பிஸ்கட்டோ நீட்டாதீர்கள். பிடுங்கித் தின்னும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

அமலைக்குச் சொந்த ஊர் அமேசான் பக்கம். பூவின் அழகுக்காகக் கொண்டுவந்தது, இப்போது ஆற்றை மூடுகிறது. காம்பை நறுக்கிப் பாருங்கள்: உள்ளே பஞ்சு போலக் காற்றறைகள். மிதப்பது அதனால்தான். பக்கவாட்டில் ஒரு தண்டு நீண்டு, நுனியில் குட்டிச்செடி விடும். தண்டு அறுந்தாலும் குட்டி தனியே பிழைத்துக்கொள்ளும். சாக்கடை கலந்த தண்ணீர் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். சேற்றில் விழுந்த விதை 20 வருஷம் கழித்தும் முளைக்கும்.

ஆகவே, ஜேசிபி விட்டு அள்ளுவது வேண்டியதுதான், ஆனால் அது பாதி வேலை. சாக்கடையை ஆற்றில் விட்டுக்கொண்டே அமலையை அள்ளுவதை நான் செலவுக் கணக்கில்தான் சேர்ப்பேன். அள்ளியதைத் தண்ணீரோரம் குவித்துவைத்தால் அடுத்த வெள்ளம் திரும்ப இழுத்துக்கொள்ளும். மேட்டில் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம், ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள், சலித்துப்போனால் அதை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள்.