டயட் என்றால் பத்தியமா?

கிளிநொச்சியில் ஒரு பிறந்தநாள் வீடு. சோற்றைத் தொடாமல் கோழித் துண்டுகளை மட்டும் கோப்பையில் எடுத்துவைத்த என் தங்கச்சியிடம் பெரியம்மா கேட்டார்: "பிள்ளை, மருந்து ஏதும் குடிக்கிறியோ?"

"இல்லை பெரியம்மா, டயட்."

"அதைத்தானே கேட்கிறன்."

பெரியம்மாவுக்குச் சாப்பாட்டை விலக்குவதென்றால் பத்தியம். பத்தியமென்றால் பின்னால் ஒரு வருத்தமும் மருந்தும் இருக்கும். வன்னியில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் இது விளங்கும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி அரைத்துப் பத்தியக்கறி கொதிக்கும். குறித்த நாள் வந்ததும் பத்தியத்தை 'முறிப்பார்கள்'. முடிவு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பத்தியம் வடமொழிச் சொல். 'வழி' என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, உடம்புக்கு ஒத்துக்கொள்வது என்றானது. டயட்டின் மூலம் கிரேக்கத்தின் 'தியைத்தா'. லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்க வைத்தியர்களுக்கு அது வாழும் முறை முழுவதும்: உணவு, உடற்பயிற்சி, உறக்கம், குளிப்புக்கூட. இப்போது அது மெலிவதற்காகச் சோற்றை நிறுத்துவது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

மெலியும் மோகம் புதிதல்ல. 1863இல் லண்டனில் பாண்டிங் என்ற, ஈமச்சடங்குத் தொழில் நடத்தியவர் பாண், சீனி, உருளைக்கிழங்கை விட்டு மெலிந்த கதையைத் துண்டுப்பிரசுரமாக வெளியிட்டார். அது பரவிய வேகத்தில், சுவீடிஷ் மொழியில் இன்றும் டயட் இருப்பதற்கு அவருடைய பெயரிலிருந்து வந்த வினைச்சொல்தான். மாப்பொருளை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ டயட்டின் கதை வேறு. 1921இல் அமெரிக்காவில் வலிப்பு நோயாளருக்காக வகுக்கப்பட்ட உணவு அது. அதாவது அசல் பத்தியம்! நோயையும் வைத்தியரையும் கழற்றிவிட்டு, கட்டுப்பாட்டை மட்டும் கைபேசியில் பார்த்துத் தொடங்குகிறோம்.

முதல் கிழமையில் இரண்டு மூன்று கிலோ குறைவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாப்பொருளின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தினால் இரண்டும் போகும், திரும்பச் சாப்பிட்டால் இரண்டும் வரும். கிழமைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே தாங்கும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தவே கூடாது. சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நோய்க்காகக் குறித்த காலம் இருப்பது பத்தியம். நாள்தோறும் தொடர்வது உணவுமுறை. வந்துபோகும் டயட்டுகளுக்கு 'மோஸ்தர்ப் பத்தியம்' என்பேன். மோஸ்தர் தூய தமிழ் இல்லைத்தான், ஆனாலும் பொருத்தமாக இருக்கிறது. உணவுமுறை என்றால் கோப்பையில் பாதி மரக்கறியும் முருங்கை இலையும், கால்வாசி சோறு, மிச்சத்தில் மீனோ பருப்போ. தேத்தண்ணியையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேக்கரண்டியால் இரண்டு கரண்டி சீனி, நாளுக்கு நான்கு தேத்தண்ணி என்றால் 32 கிராம். உலக சுகாதார அமைப்போ நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது.

ஒரு மாதம் கழித்து தங்கச்சி பெரியம்மா வீட்டில் குரக்கன் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டயட் என்னாச்சு என்று கேட்டேன்.

"முறிச்சிட்டன்" என்றாள்.