45-57, பவுன் தெரு

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃப்ளஷிங்கில், 1977இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறது. கீழ்த்தளத்தில் தோசை கிடைக்கும். முகவரி: 45-57, பவுன் தெரு. சென்னைக்காரர் பார்த்தால் பழைய எண், புதிய எண் என்றே நினைப்பார். ஆனால் விஷயம் வேறு. 45 என்பது குறுக்கே போகும் 45ஆம் அவென்யூ; அதைத் தாண்டியதும் வரும் 57ஆம் இலக்கம்தான் கோயில். அதே தெருவில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜான் பவுன் வீட்டின் இலக்கம் 37-01. அவென்யூ எண்கள் தெற்கே போகப்போகக் கூடும். அதனால் கோயில் அந்த வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

1898இல் நியூயார்க்கோடு இணைந்தபோது குவீன்ஸ் ஒரே ஊர் அல்ல, பல ஊர்களின் கூட்டம். ஒரே தெருப்பெயர் நாலு ஊரில் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? நிலவரைபடப் பிரிவின் பொறியாளர் சார்லஸ் பவல் தலைமையில் தெருக்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கினார்கள். வடக்கு தெற்காகப் போவது ஸ்ட்ரீட். ஈஸ்ட் ஆற்றிலிருந்து கிழக்கே போகப்போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போவது அவென்யூ. கணக்கு நோட்டின் கட்டங்களைப் போல, இரண்டு எண் தெரிந்தால் இடம் தெரியும்.

காகிதத்தில் சரி. ஆனால் பழைய கிராமத்துத் தெருக்கள் கட்டத்துக்குள் அடங்குமா? 60ஆம் ஸ்ட்ரீட்டுக்கும் 61க்கும் நடுவே இன்னும் இரண்டு தெரு இருந்தால் 60ஆம் பிளேஸ், 60ஆம் லேன் என்று வால் சேர்த்தார்கள். அவென்யூக்களுக்கு நடுவே வந்தவை ரோடு, டிரைவ். மாஸ்பெத் பக்கம் போனால் எங்கு திரும்பினாலும் ஏதோ ஒரு 60. குழப்பத்தைத் தீர்க்க வந்த எண்ணே அங்கே குழப்புகிறது!

இது ஒரே நாளில் முடியவில்லை. பகுதி பகுதியாக, பல ஆண்டுகள் நடந்தது. பெயரை இழக்காத தெருக்களும் உண்டு. பவுன் தெரு அப்படித் தப்பியது; வீட்டிலக்கம் மட்டும் கட்டத்துக்கு மாறியது. 7ஆம் தட ரயிலில் போனால் 33 ராசன், 40 லோரி, 46 பிளிஸ் என்று நிலையங்கள் வரும். ராசனும் லோரியும் பிளிஸும் அந்தத் தெருக்களின் பழைய பெயர்கள்.

2022இல் கோயில் இருக்கும் பகுதிக்கு ‘கணேஷ் கோயில் தெரு’ என்று கூடுதல் பெயர்ப்பலகை வைத்தார்கள். இலக்கம் அதே 45-57தான்.